பீன்யாவின் தொட்டியும் பியூரெட்டின் கடைசித் துளியும்

பெங்களூரின் வடமேற்கில், தும்கூர் சாலையை ஒட்டிப் பரந்து கிடக்கும் பீன்யா தொழிற்பேட்டையில், இயந்திர உதிரிபாகங்களைச் செய்யும் பட்டறைகளுக்கு நடுவே, அவற்றுக்குத் துத்தநாகமும் நிக்கலும் குரோமியமும் பூசித் தரும் முலாம்பூச்சுக் கூடங்களும் இயங்குகின்றன. இரும்பின்மேல் முலாம் பிடிக்க வேண்டுமானால் துரு முற்றிலும் நீங்கியிருக்க வேண்டும் என்பதால், பூச்சுக்கு முன்பு அப்பொருள் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சிறிது நேரம் அமிழ்த்தி எடுக்கப்படுகிறது. தொழிலில் இருப்பவர்கள் இதைப் பிக்லிங் என்பார்கள். எடுத்த பொருளை அடுத்தடுத்த நீர்த்தொட்டிகளில் அலசும்போது, அதில் ஒட்டியிருந்த அமிலமும் அமிலத்தில் கரைந்த இரும்பும் அலசுநீரோடு சேர்ந்துவிடுகின்றன. அந்த நீரை அப்படியே வெளியே விட முடியாது. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் கீழ் வகுக்கப்பட்ட பொதுக் கழிவுநீர்த் தரம், வெளியேறும் நீரின் பி.எச் 5.5க்கும் 9.0க்கும் இடையில் இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே காஸ்டிக் சோடா எனப்படும் சோடியம் ஹைட்ராக்சைடையோ சுண்ணாம்பையோ இட்டு அமிலத்தைத் தணிக்கிறார்கள். பட்டறையின் பின்புறத்தில் நடக்கும் இந்த வேலையும், பள்ளி ஆய்வகத்தில் மாணவர்கள் பியூரெட் என்னும் அளவுக் குழாயைத் திறந்தும் மூடியும் செய்யும் தரம்பார்த்தலும் வேதியியலில் ஒன்றே. அளவுதான் வேறு, கணக்கும், அந்தக் கணக்கின் முடிவில் காத்திருக்கும் செங்குத்தான ஏற்றமும் இரண்டு இடத்திலும் மாறுவதில்லை.

அமிலம் எது, காரம் எது என்பது கரைசலில் இருக்கும் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவைப் பொறுத்தது. அந்தச் செறிவு ஒரு லிட்டருக்கு ஒரு மோல் என்பதிலிருந்து அதில் நூறு லட்சம் கோடியில் ஒரு பங்கு வரை விரிந்து கிடப்பதால், அதை நேரடியாக எழுதுவதும் ஒப்பிடுவதும் பெருந்தொல்லை. கோபன்ஹேகன் நகரில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய சோரன்சென் என்னும் வேதியியலர், அந்தச் செறிவின் 10 அடிமான மடக்கையை எடுத்து அதன் குறியை மாற்றினால் கிடைக்கும் எண்ணையே அளவாகக் கொள்ளலாம் என்று 1909இல் முன்மொழிந்தார், அதுவே பி.எச். லிட்டருக்கு 0.1 மோல் என்றால் பி.எச் 1, 0.01 மோல் என்றால் 2, 0.001 மோல் என்றால் 3 என்று எண் ஒவ்வொன்றாக ஏறும்போது, அமிலத்தின் செறிவு ஒவ்வொரு படியிலும் பத்தில் ஒன்றாகச் சுருங்குகிறது. இன்றைய பி.எச் மீட்டர்களின் உயிரான கண்ணாடி மின்முனையை ஹேபரும் கிளெமென்சிவிட்சும் விவரித்ததும் அதே 1909இல்தான்; பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தை நிறுவுவதற்கான ஆணை வெளியானதும் அவ்வாண்டில்தான். பீன்யாவிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள அக்கழகத்தின் முதல் இயக்குநர் மாரிஸ் டிராவர்ஸ், 1898இல் வில்லியம் ராம்சேயுடன் சேர்ந்து நியான், கிரிப்டான், செனான் ஆகிய வாயுக்களைக் கண்டறிந்தவர் என்பதும், 1911இல் மாணவர்களை ஏற்றபோது அங்கே தொடங்கப்பட்ட முதல் துறைகளில் வேதியியல் துறைகள் இடம்பெற்றிருந்தன என்பதும் இவ்விடத்தில் நினைவுகூரத் தக்கவை.

வலிமைமிகு அமிலம் என்பது நீரில் கரைந்ததும் தன்னிடமுள்ள ஹைட்ரஜன் அனைத்தையும் அயனியாக விட்டுவிடும் அமிலம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் அப்படிப்பட்டது. அதுபோலவே சோடியம் ஹைட்ராக்சைடு தன் ஹைட்ராக்சைடு அயனிகள் அனைத்தையும் நீருக்குக் கொடுத்துவிடுகிறது. இரண்டும் சந்திக்கும்போது ஒரு ஹைட்ரஜன் அயனியும் ஒரு ஹைட்ராக்சைடு அயனியும் இணைந்து ஒரு நீர் மூலக்கூறாகின்றன. சோடியமும் குளோரைடும் உப்பாக ஒதுங்கி நிற்கின்றன. வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலத்தைப் போலச் சிறு பகுதி பிரிந்தும் பெரும்பகுதி பிரியாமலும் நிற்கும் வலிமைகுறைந்த அமிலங்களுக்குத் தேவைப்படும் சமநிலைக் கணக்குகள் எவையும் இங்கே வேண்டியதில்லை. எவ்வளவு அமிலம் இருந்தது, எவ்வளவு காரம் வந்தது, எது மிஞ்சியது என்று கழித்துப் பார்த்தாலே போதும். பி.எச் என்பது அந்தக் கழித்தலெல்லாம் முடிந்த பிறகு கடைசியாக எழுதவேண்டிய எண். இந்த வரிசை மாறும்போதுதான் மாணவர்களும் பட்டறைக்காரர்களும் ஒருசேரத் தவறுகிறார்கள்.

ஒரு கூம்புக் குடுவையில் லிட்டருக்கு 0.1 மோல் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் 25 மி.லி. இருப்பதாகவும், பியூரெட்டில் அதே செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு நிரப்பப்பட்டிருப்பதாகவும் கொள்வோம். குடுவையில் உள்ள அமிலம் 2.5 மில்லிமோல், காரம் சேர்க்கும் முன் பி.எச் 1. காரம் 10 மி.லி. விழுந்ததும் அதில் 1.0 மில்லிமோல் ஹைட்ராக்சைடு வந்திருக்கும், 2.5இலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சும் அமிலம் 1.5 மில்லிமோல். ஆனால் குடுவையில் இப்போது இருப்பது 35 மி.லி. என்பதால் 1.5ஐ 35ஆல் வகுக்க வேண்டும், செறிவு 0.0429 மோல், பி.எச் 1.37. கன அளவு கூடியதை மறந்து பழைய 25ஆல் வகுப்பது தேர்வுத்தாள்களில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் பிழை. காரம் 20 மி.லி. ஆகும்போது பி.எச் 1.95, அதாவது ஐந்தில் நான்கு பங்கு அமிலம் அழிந்த பிறகும் எண் ஒரு படிகூட முழுதாக ஏறியிருக்காது. 24 மி.லி.யில் 2.69, 24.9 மி.லி.யில் 3.70.

இதற்கு அடுத்த பகுதியைத் துளித்துளியாகப் பார்ப்பது நல்லது. பியூரெட்டின் முனையிலிருந்து விழும் ஒரு துளி ஏறத்தாழ 0.05 மி.லி. காரம் 24.95 மி.லி.யில் நிற்கும்போது மிஞ்சிய அமிலம் 0.005 மில்லிமோல், மொத்தக் கரைசல் 49.95 மி.லி., பி.எச் 4.00. இன்னும் ஒரு துளி விழுந்தால் அமிலமும் காரமும் சரிக்குச் சரியாகி, கரைசல் வெறும் உப்புநீராக நிற்கும், பி.எச் 7.00. இதற்குச் சமானப் புள்ளி என்று பெயர். அதற்கும் மேலே ஒரு துளி விழுந்தால் 0.005 மில்லிமோல் காரம் மிஞ்சிவிடும். இப்போது கணக்கிட வேண்டியது ஹைட்ராக்சைடின் செறிவு. அதன் எதிர்க்குறி மடக்கை 4.00 என்று வரும், அதை 14இலிருந்து கழித்தால் பி.எச் 10.00. முதல் 20 மி.லி., அதாவது ஏறத்தாழ 400 துளிகள், ஒரே ஒரு படியைக்கூட ஏற்ற முடியாத இடத்தில் இந்த இரண்டு துளிகள் ஆறு படிகளை ஏற்றிவிடுகின்றன. அதன் பிறகு வளைகோடு மறுபடியும் சோம்பிவிடும்: 26 மி.லி.யில் 11.29, 30 மி.லி.யில் 11.96.

14 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். தூய நீரும் மிகச் சிறிதளவு தானாகவே பிரிந்து, 25 பாகை செல்சியசில் லிட்டருக்கு 10⁻⁷ மோல் ஹைட்ரஜன் அயனியையும் அதே அளவு ஹைட்ராக்சைடையும் தருகிறது. எந்த நீர்க் கரைசலிலும் இவ்விரண்டின் பெருக்கற்பலன் 10⁻¹⁴ ஆகவே நிற்கும். வெப்பம் கூடினால் நீர் சற்று அதிகமாகப் பிரிவதால், 30 பாகையில் நடுநிலையின் பி.எச் 6.92 ஆகிவிடுகிறது. சமானப் புள்ளியை மிக நெருங்கும்போது நீரின் இந்தச் சொந்தப் பங்கையும் கணக்கில் சேர்க்காவிட்டால் விடை அபத்தமாகிவிடும். லிட்டருக்கு 10⁻⁸ மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உள்ள நீரின் பி.எச் 8 என்று எழுதினால், அமிலத்தை ஊற்றி நீரைக் காரமாக்கியதாக ஆகும். நீரின் பங்கையும் சேர்த்துக் கணக்கிட்டால் 6.98 என்ற சரியான விடை கிடைக்கும்.

இந்தச் செங்குத்தான ஏற்றமே நிறங்காட்டியை நம்பிப் பயன்படுத்த வழிசெய்கிறது. பினால்ப்தலீன் நிறம் மாறுவது பி.எச் 8.2க்கும் 10க்கும் இடையில். சமானப் புள்ளியோ 7இல் இருக்கிறது. ஆனாலும் 7இலிருந்து 10 வரை ஒரே துளியில் கடந்துவிடுவதால், நிறம் காட்டும் முடிவுக்கும் உண்மையான சமானப் புள்ளிக்கும் உள்ள இடைவெளி ஒரு துளிக்குள் அடங்கிவிடுகிறது. 3.1க்கும் 4.4க்கும் இடையில் மாறும் மெத்தில் ஆரஞ்சுகூட இந்தச் செறிவில் பெரிய பிழை செய்யாது. கரைசல்களை நூறு மடங்கு நீர்க்கச் செய்து லிட்டருக்கு 0.001 மோல் ஆக்கினாலோ, அதே இரண்டு துளிகளில் பி.எச் 6இலிருந்து 8 வரைதான் ஏறும். மெத்தில் ஆரஞ்சு ஏறத்தாழ 1.9 மி.லி. முன்னதாகவே நிறம் மாறி ஏமாற்றிவிடும். பினால்ப்தலீன் இட்ட குடுவையை வெள்ளைத் தாளின்மேல் வைத்துச் சுழற்றிக்கொண்டே இருக்கும்போது, துளி விழும் இடத்தில் இளஞ்சிவப்பு ஒரு கீற்றாகத் தோன்றி மறைவதும், மறைவதற்கு எடுக்கும் நேரம் துளிக்குத் துளி நீள்வதும், ஒரு துளியில் நிறம் குடுவை முழுவதும் பரவி அரை நிமிடமாவது நிலைப்பதும் கண்ணால் காணவேண்டிய காட்சி. அந்த இளஞ்சிவப்பும் சற்று நேரத்தில் வெளிறிப்போகும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்து, மிஞ்சியிருந்த துளியளவு காரத்தையும் தின்றுவிடுவதே காரணம். மாணவர் மேலும் காரம் சேர்க்க வேண்டியதில்லை.

பி.எச் எண்களைக் கூட்டுவதும் சராசரி காண்பதும் கூடாது. பி.எச் 1 உள்ள நீரையும் பி.எச் 3 உள்ள நீரையும் சம அளவில் கலந்தால் 2 வராது, 0.1 மோலும் 0.001 மோலும் சேர்ந்து பாதியாகி 0.0505 மோல் ஆவதால் பி.எச் 1.30 தான் வரும்.

இந்தக் கணக்கைப் பீன்யாவின் அளவுக்குப் பெருக்கிப் பார்த்தால் அதன் கடுமை விளங்கும். பி.எச் 1 உள்ள 1000 லிட்டர் அலசுநீரில் 100 மோல் அமிலம் இருக்கிறது; அதைத் தணிக்க 100 மோல் காஸ்டிக் சோடா, அதாவது ஒரு மோலுக்கு 40 கிராம் வீதம் 4 கிலோ வேண்டும். காரத்தைச் செறிவாக இட்டால் கன அளவில் வரும் மாற்றம் சிறிதே என்பதால் அதை விட்டுவிடலாம். பி.எச் 1இலிருந்து 2 ஆக 3.6 கிலோ செலவாகும். 2இலிருந்து 3 ஆக 360 கிராம் போதும். 3இலிருந்து 4க்கு 36 கிராம், 4இலிருந்து 5க்கு 3.6 கிராம், 5இலிருந்து 6க்கு அரை கிராமுக்கும் குறைவு. விதிகள் அனுமதிக்கும் 5.5 முதல் 9.0 வரையிலான இடைவெளி முழுவதையும் கடக்கத் தேவைப்படுவது ஏறத்தாழ 0.53 கிராம் மட்டுமே. நான்கு கிலோவை அள்ளிப் போட வேண்டிய இடத்தில் அரை கிராம் கூடினாலோ குறைந்தாலோ நீர் விதிக்கு வெளியே போய்விடும் என்றால், மீட்டர் 2 காட்டுகிறதே, இன்னும் பாதி தூரம்கூட வரவில்லையே என்று நினைத்து இன்னொரு வாளி காஸ்டிக்கைக் கவிழ்ப்பவர் எவ்வளவு பெரிய தவறு செய்கிறார் என்பது புரியும். மீட்டர் 2 காட்டும்போது பத்தில் ஒன்பது பங்கு வேலை முடிந்திருக்கிறது.

காரமே இல்லாமல் வெறும் நீரை ஊற்றி இளக்கிவிடலாம் என்று எண்ணுபவர்களும் உண்டு. பி.எச் 1 உள்ள ஒரு லிட்டர் நீரை அவ்வழியில் 5.5க்குக் கொண்டுவர அதை ஏறத்தாழ 31,600 லிட்டராகப் பெருக்க வேண்டும். காவிரி நீரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, சுமார் அரைக் கிலோமீட்டர் உயரத்துக்கு ஏற்றிக் கொண்டுவந்து குடிக்கும் ஊர் பெங்களூர். 2024 கோடையில் அங்கே குடிநீருக்கே மக்கள் தவித்தார்கள். அந்த ஊரில் இப்படி ஒரு யோசனை எழுவதே வேதனை தருவது. பசவனகுடியில் பிறப்பதாகச் சொல்லப்படும் விருஷபாவதி ஆறு பீன்யாப் பகுதியின் நீரையும் ஏந்திக்கொண்டு, பிடதிக்கு அருகே பைரமங்கலம் ஏரிக்குப் போய், அர்க்காவதியில் கலந்து, சங்கமத்தில் காவிரியைச் சேர்கிறது. பிறகு மேகதாது, ஒகேனக்கல், மேட்டூர். பம்பு வைத்து மேலே ஏற்றப்பட்ட நீர் பெங்களூரின் குழாய்கள் வழியாகவும் பட்டறைகள் வழியாகவும் இறங்கித் திரும்பவும் அதே ஆற்றுக்குப் போகிறது. அந்த ஆற்றின் கேட்டுக்கு வீட்டுச் சாக்கடை நீரே பெரும் காரணம் என்றாலும், பீன்யாவின் நிலத்தடி நீரில் குரோமியம் கலந்திருப்பது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. பைரமங்கலத்தில் அந்த நீரைப் பாய்ச்சிப் பயிர் செய்பவர்களுக்கு, மேலே ஒரு தொட்டியில் யாரோ போட்ட கணக்கு சரியா தவறா என்பது வயலில் தெரியவரும் செய்தி.

நடைமுறையில் நீர் இவ்வளவு இரக்கமற்றதாக இருப்பதில்லை. ஆழ்துளைக் கிணற்று நீரில் பைகார்பனேட் இருக்கும். அது அமிலத்தையும் காரத்தையும் ஓரளவு உள்வாங்கி எண்ணைச் சட்டென்று தாவவிடாமல் தாங்குகிறது. இத்தகைய கலவையைத் தாங்கல் கரைசல் என்பார்கள். காஸ்டிக்குக்குப் பதிலாகச் சோடா ஆஷ் எனப்படும் சோடியம் கார்பனேட்டை இட்டால் வளைகோட்டில் அந்தச் செங்குத்துச் சுவர் சாய்வாகிவிடும். விலை மலிவான சுண்ணாம்பு மெதுவாகக் கரைவதால் அதற்குப் பொறுமை வேண்டும். கசடும் மிகுதியாகப் படியும். நன்கு திட்டமிட்ட சுத்திகரிப்பு அமைப்பில் இரண்டு தொட்டிகள் இருக்கும்: முதல் தொட்டியில் செறிந்த காரத்தால் பி.எச் 3 அல்லது 4 வரை ஏற்றிவிட்டு, இரண்டாம் தொட்டியில் நன்கு நீர்த்த காரத்தைச் சிறிய பம்பின் மூலம் சிறுகச் சிறுகச் செலுத்துவார்கள். ஆய்வகத்தில் முதலில் பியூரெட்டைத் தாராளமாகத் திறந்துவிட்டுப் பிறகு துளித்துளியாக விடுவதும் இதே காரணத்தால்தான். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: சயனைடு சேர்ந்த முலாம்பூச்சுக் கரைசலின் அலசுநீர் எக்காரணம் கொண்டும் அமில அலசுநீரோடு சேரக்கூடாது, சேர்ந்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு வெளிப்பட்டு உயிரைக் கொல்லும்.

பி.எச் மீட்டர் கையில் இருக்கும்போது தரம்பார்த்தல் எதற்கு என்ற கேள்விக்கு, பிக்லிங் நீரில் கரைந்திருக்கும் இரும்பு பதில் சொல்கிறது. மீட்டர் காட்டுவது அந்த நொடியில் தனித்து நிற்கும் ஹைட்ரஜன் அயனிகளை மட்டுமே. ஒரு லிட்டரில் 0.56 கிராம் இரும்பு கரைந்திருந்தால் அது 0.01 மோல், ஒவ்வொரு இரும்பு அயனியும் இரண்டு ஹைட்ராக்சைடுகளைப் பிடித்துக்கொண்டுதான் படியும் என்பதால், 1000 லிட்டருக்கு மேலும் 20 மோல், அதாவது 800 கிராம் காஸ்டிக் கூடுதலாக வேண்டும். இது தெரியாமல் 4 கிலோவோடு நிறுத்தினாலும் மீட்டர் 7ஐ ஒட்டியே காட்டும், ஏனென்றால் கரைந்த இரும்பு அந்த இடத்தில் இன்னும் படியத் தொடங்கியிருக்காது. இரவு முழுவதும் திறந்த தொட்டியில் கிடக்கும் நீரில், காற்றிலுள்ள ஆக்சிஜன் இரும்பை மெல்ல மாற்றிப் பழுப்பு நிற ஹைட்ராக்சைடாகப் படியவைக்கும். அந்த வினையில் ஹைட்ரஜன் அயனிகள் வெளிப்படுவதால், மாலையில் சரியாக இருந்த நீர் மறுநாள் காலையில் மறுபடியும் அமிலப் பக்கம் சரிந்திருக்கும்.

ஆகவே தொட்டியை நன்றாகக் கலக்கி 25 மி.லி. மாதிரி எடுத்து, லிட்டருக்கு 0.1 மோல் காரத்தால் தரம்பார்க்க வேண்டும். படியும் இரும்பு பச்சையும் பழுப்புமாகக் கலங்கி நிறங்காட்டியின் நிறத்தை மறைத்துவிடும் என்பதால், மீட்டரின் மின்முனையையே குடுவையில் அமிழ்த்தி, காற்றை ஊதிவிட்டு, எண் நிலைப்படும் வரை காத்திருந்து குறித்துக்கொள்ள வேண்டும். அமிலத்துக்கு மட்டும் என்றால் 25 மி.லி. காரம் போதும், மேலே சொன்ன இரும்பும் இருந்தால் 30 மி.லி. செலவாகும். 30 மி.லி.யில் 3 மில்லிமோல், அது 25 மி.லி. நீருக்கு, 1000 லிட்டருக்கு 120 மோல், 4.8 கிலோ. அதில் நான்கு கிலோவுக்குச் சற்றுக் குறைவானதை முதல் தொட்டியில் கரைத்துவிட்டு, மீதமுள்ளதை ஒரு பெரிய வாளி நீரில் நன்கு நீர்க்கக் கரைத்து, இரண்டாம் தொட்டியில் காற்றுக்குழாய் குமிழிகளை எழுப்பிக்கொண்டிருக்க, பியூரெட்டின் கடைசித் துளிகளைப் போலவே மெல்ல மெல்ல விட வேண்டும்.